மலையகத்து ஓசைகளும் கையடக்க ஒலிமாதிரிக் கருவியும்

தொல்காப்பியனார் நிலத்துக்குரிய கருப்பொருள்களை வகுத்துரைக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து எண்ணினார். ஒரு நிலத்தின் மரமும் புள்ளும் அந்நிலத்துக்கே உரியனவாதல் போல, அதன் ஓசையும் அந்நிலத்துக்கே உரியது என்பது அவர் கருத்தாதல் வேண்டும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறையும், முல்லைக்கு ஏறுகோட்பறையும், நெய்தலுக்கு மீன்கோட்பறையும் உரியன என உரையாசிரியர் விளக்குவர். இக்கருத்தை மனத்திற்கொண்டு இலங்கையின் மத்திய மலைநாட்டை நோக்குவோமாயின், அட்டன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் நிலத்துக்குரிய ஓசை யாது என்னும் வினா எழும். அவ்வோசையைக் கொண்டே இசை அமைக்க உதவும் சிறு கருவியொன்றைப் பற்றியும், அதனாற் பெறும் இன்பத்தைப் பற்றியும், அவ்வின்பத்தோடு உடன்வரும் கடமையைப் பற்றியும் ஈண்டு ஆராய்வாம்.

அக்கருவியைச் சாம்ப்ளர் என வழங்குவர். தமிழில் ஒலிமாதிரிக் கருவி எனலாம். வீணையும் குழலும் தமக்கெனத் தனி நாதம் உடையன. இக்கருவிக்கோ தனக்கென ஒரு நாதமும் இல்லை. வெளியிலுள்ள ஓசையொன்றை ஏற்று, நினைவில் இருத்தி, பொத்தானை விரல் அழுத்தும்போது திரும்ப ஒலிப்பதே அதன் தொழில். ஒலிவாங்கியை அடையும் காற்றதிர்வு மின்னலையாக மாறுகின்றது. அவ்வலையின் உயரத்தைக் கருவி மிகக் குறுகிய இடைவெளிதோறும் அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. இசைத்தட்டுகளுக்கென வகுக்கப்பட்ட பொது அளவின்படி ஒரு செக்கனுக்கு 44,100 முறை இவ்வளவீடு நிகழும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஈண்டுப் பதம் பார்க்கும் சோறுகளின் தொகை மிகுதி, அவ்வளவே வேறுபாடு. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கவல்லது. ஓரலையில் உள்ள மிகவுயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளவெடுத்தால் அவ்வலையைக் குறைவின்றி மீள அமைக்கலாம் என்பது, 1928இல் நைக்குவிஸ்டும் 1949இல் சானனும் எழுதிய ஆய்வுகளால் நிலைபெற்ற விதி. 44,100 என்னும் எண் இவ்விதியைத் தழுவியதே.

ஓசை எண்ணாக மாறியபின் அதனைப் பலவாறு ஆளலாம். எண்களை இருமடங்கு விரைவில் வாசித்தால் ஓசை ஒரு தாயி உயரும்; அதன் கால அளவு பாதியாகும். விரைவை 1.0595 மடங்காக்கினால் ஒரு சுரத்தானம் உயரும். இவ்வாறு ஏழு படி உயர்த்தினால் சட்சம் பஞ்சமமாகும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலையின் சங்கொலியைச் சட்சமாகக் கொண்டால், அவ்வொரே ஒலியிலிருந்து பன்னிரு சுரத்தானங்களையும் பெறலாம். வேலைக்கு வரும்படி தொழிலாளரை அழைத்த சங்கு, அவர்தம் பிள்ளைகளின் விரலுக்கு இணங்கி இராகம் பாடும். ஓசையை வெட்டலாம், முன்பின்னாகத் திருப்பலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், வட்டமாகத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடலாம்.

இம்முறையின் தோற்றத்துக்கும் மலையகத்து அன்றாட வாழ்வுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. 1948 ஒக்டோபரில் பிரான்சு நாட்டு வானொலிப் பொறியியலாளர் பியேர் ஷாஃபேர் இசைக் கருவி எதனையும் பயன்படுத்தாது, புகைவண்டி ஓசைகளை மாத்திரமே பதிந்து, வெட்டி, அடுக்கி அமைத்த ஒரு சிற்றிசையை வானொலியில் ஒலிபரப்பினார். நானுஓயாவரை 1885இல் வந்துசேர்ந்த இருப்புப்பாதையின் ஓசையோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மலைநாட்டார்க்கு இச்செய்தி வியப்பன்று, உவப்பே தரும். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கத்துள் வண்டி நுழையுங்காலத்து அதன் ஓசை திடீரெனச் செறிந்து, வெளியேறுங்காலத்து விரிந்து கரைவதை அறியாதார் அங்கு இலர். அதுவும் இசைக்குரிய பொருளே என்று காட்டியவர் ஷாஃபேர்.

ஒலியை எண்ணாக்கி இயங்கிய தொடக்ககாலக் கருவிகளுள் ஒன்று 1979இல் அவுஸ்திரேலியாவில் உருவான ஃபேர்லைட். அதன் விலை சாதாரண கலைஞர்க்கு எட்டாதது. ரோஜர் லின் வடிவமைத்து ஜப்பானிய அக்காய் நிறுவனம் 1988இல் வெளியிட்ட எம்.பி.சி. 60, பதினாறு பொத்தான்களை விரலால் தட்டி வாசிக்கும் முறையை நிலைநிறுத்தியது. பின்னர்க் கருவிகள் சிறுத்தன, விலையும் இறங்கிற்று. சுவீடன் நாட்டு நிறுவனமொன்று 2018இல் வெளியிட்ட பி.ஓ. 33 என்பது உள்ளங்கையில் அடங்குவது. இரு சிறு மின்கலங்களால் இயங்குவது. தன்னுள்ளேயே ஒலிவாங்கி உடையது. அதன் நினைவுக் கொள்ளளவு நாற்பது செக்கன் மாத்திரமே.

நாற்பது செக்கன் என்பது குறைபாடன்றோ எனின், அன்று. அதுவே இன்பத்தின் வாயில் என்க. எல்லாவற்றையும் பதியவியலாதவிடத்து எதனைப் பதிவது எனத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தெரிந்தெடுப்பதற்கு முன்னர்க் கேட்டல் வேண்டும். பிறந்த நாள்முதல் காதில் விழுந்தும் கேளாதிருந்த ஓசைகள் அப்பொழுதுதான் கேட்கத் தொடங்குகின்றன. லயத்தின் தகரக் கூரைமேல் விழும் மழை, தூறலுக்கு ஒரு சுருதியும் அடைமழைக்கு ஒரு சுருதியும் உடையது. கொழுந்து வெட்டும் கத்தரி மூடுந்தோறும் கூரிய உலோக ஓசை எழும். நிரையில் நிற்போர் பலரும் வெட்டுங்கால் அவ்வோசைகள் ஒன்றோடொன்று பின்னித் தாமே ஒரு தாளமாகும். தொழிற்சாலையிலே கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் சுழற்சி நிலையான காலப்பிரமாணம் உடையது. மழையை வேகந் தாழ்த்திச் சுருதியாகவும், கத்தரியைத் தாளமாகவும், உருளையின் முழக்கத்தை அடிநாதமாகவும் அமைத்துக்கொண்டு, அதன்மேல் ஒரு குரலோ குழலோ ஒலிக்குமாயின் அவ்விசை பிற எவ்விடத்தும் பிறந்திருக்கவியலாது. இதுவே இக்கருவி தரும் முதல் இன்பம்: தன் நிலத்தைத் தன் செவியால் மீளக் கண்டறிதல்.

மலையகத்து ஓசைகளுள் தலையாயது தப்பு. வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டி, தீயிற் காய்ச்சி, ஒரு கையில் நீண்ட மெல்லிய குச்சியும் மறுகையில் குறுந்தடியும் கொண்டு முழக்குவது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் பனிமூட்டத்தில் தோல் ஈரத்தை விரைவில் ஏற்றுத் தளரும். ஆதலின் அடிக்கடி தீமூட்டிக் காய்ச்சுதல் இன்றியமையாதது. பிரட்டு எனத் தோட்டத்தார் வழங்கும் விடியற்காலைக் கணக்கெடுப்புக்குத் தொழிலாளரை எழுப்பியதும் தப்பே. மாசியில் காமன் கூத்திலே மதனும் இரதியும் ஆடுதற்கு முழங்குவதும், கோயில் விழாவில் முழங்குவதும், இறந்தாரை வழியனுப்புவதும் அதுவே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தேயிலைத் தோட்ட வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் இயற்றிய கவிதை நூலிலும் விடியற்காலை முரசொலிக்கு இடமுண்டு.

இத்துணைப் பெருமை வாய்ந்த தப்பை இளைஞர் பலர் கையாலெடுக்கக் கூசுவர். சாதியோடும் சாவோடும் அதனைப் பிணைத்து இழிவுபடுத்திய வழக்கமே இதற்குக் காரணம். தப்பின் ஓசையில் இழிவு யாதும் இல்லை. இழிவு கேட்பார் செவியில் ஏற்றப்பட்டதொன்று. ஒலிமாதிரிக் கருவியின் பொத்தானில் வைக்கப்பட்ட தப்படி, மிருதங்க ஒலிக்கும் மேலைநாட்டு முரசொலிக்கும் அருகில் சமமாக நிற்கின்றது. அங்கே அது ஓசை மாத்திரமே. இலண்டனிற் பிறந்த ஈழத்தமிழ்ப் பாடகி மாயா அருள்பிரகாசம் 2006இல் வெளியிட்ட 'பேர்ட் ஃப்ளூ' என்னும் பாடலில் உறுமி மேளத்தின் முழக்கத்தையே முதுகெலும்பாக்கினார். உலகம் அதனைப் புதுமை எனக் கேட்டது. நம் வாயிலில் ஒலிப்பதைப் பிறர் வியந்தபின்னரே நாம் மதிப்போம் என்றிருத்தல் தகாது.

அற்றேல், பொத்தானை அழுத்தினாலே தப்பு ஒலிக்கும்போது தப்புக் கலைஞர் எதற்கு என வினவுவார் உளராவர். தப்பு வாசிப்போர் ஈரடிகளை முற்றும் ஒன்றுபோல அடிப்பதில்லை. குச்சி படும் இடமும், கையின் விசையும், தோலின் சூடும் அடிதோறும் வேறுபடும். கருவியோ ஒரே அடியை ஆயிரம் முறை மாற்றமின்றித் திருப்பும். அன்றியும், இத்தகைய சிறு கருவிகளின் தாளவொழுங்கு பதினாறு படிகளை உடையது. எட்டு அட்சரமுள்ள ஆதி தாளம் அதில் இனிது பொருந்தும்; கும்மிப் பாடல்கள் பலவற்றில் வரும் திசிர நடை பொருந்தாது. அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்து ஜே டில்லா (1974–2006) இவ்விறுக்கத்தை வேண்டுமென்றே தளர்த்தி, சில அடிகள் சற்று முந்தியும் சில சற்றுப் பிந்தியும் விழுமாறு அமைத்தார். அவர் பயன்படுத்திய எம்.பி.சி. வாஷிங்டனிலுள்ள ஆபிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. மனிதக் கையின் நெகிழ்ச்சியை இயந்திரத்திற்குக் கற்பித்தமையாலேயே அவர் போற்றப்படுகின்றார். ஆகவே தப்பு வாசிப்போரிடம் அமர்ந்து கற்றவரே இக்கருவியையும் நன்கு வாசிக்கவல்லார் என்பது பெறப்படும்.

இனிக் கடமை பற்றிச் சில கூறுதல் வேண்டும். 1969இல் த வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் முரசு வாசிப்பாளர் கிரெகரி கோல்மன் ஒரு பாடலின் இடையே சில செக்கன் தனியாக வாசித்தார். பின்னாளில் ஆயிரக்கணக்கான பாடல்களில் அவ்வோசை ஒலிமாதிரியாகப் பயன்பட்டது. உலகில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட முரசொலி அதுவே என்பர். ஆயின் அதன்பொருட்டு உரிமைத்தொகை எதுவும் பெறாமலே அவர் 2006இல் மறைந்தார். மலையகத் தப்புக் கலைஞர்க்கு இந்நிலை நேரலாகாது. கொழுந்தைப் பறித்தவர் ஒருவர், அதன் பயனைத் துய்த்தவர் பிறர் என்பதை நன்கறிந்த மண் இது. ஓசையிலும் அதுவே நிகழுமாயின் அக்கருவியால் விளைந்தது யாது? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இசைப்போர்க்கும் நாட்டார் கலைவெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், பதியுமுன் இசைவு கேட்டல், பெயரைக் குறித்தல், பொருள் கிடைப்பின் பங்களித்தல் என்னும் மூன்றும் அறத்தின்பாற்பட்டன.

வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியமையால் அவற்றின் சொற்கள் அழியாது எஞ்சின. எனினும் ஏட்டில் ஏறியது சொல்லே. பாடிய குரலின் குழைவும் அதற்கியைந்த அடியும் ஏட்டில் ஏறா. ஓசைகள் மறையும் இயல்பின. தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் பெருமுழக்கம், 2012இல் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கியபின் பெரிதும் குன்றியது. அம்முழக்கத்தை முன்னரே பதிந்துவைத்தோர் இன்றும் அதனை ஒலிக்கச் செய்யலாம். பதியாதோர் சொல்லால் மாத்திரமே விளக்கவியலும்.

ஆதலின் மலையகப் பாடசாலைகளில் இசை பயில்வோர், இத்தகைய கருவியொன்று கிடைக்குமாயின், அதனுள்ளே ஆயத்தமாக வரும் பிறநாட்டு ஓசைகளைத் தட்டிக் களிப்பதோடு அமையாது, தம் தோட்டத்து முதியோரை அணுகி, காமன் கூத்தின் அடியையும், தாலாட்டின் ஒரு வரியையும், காய்ச்சிய தப்பின் முதல் முழக்கத்தையும் அவர்தம் இசைவோடு பெற்றுப் பதிதல் வேண்டும். நாற்பது செக்கனில் அத்துணையும் அடங்கும். அவற்றை வைத்து அவர்கள் புதிதாய் அமைக்கும் இசையை முதலிற் கேட்க வேண்டியவர்களும் அம்முதியோரே.