மிஞ்சின ரொட்டியில் காலைப் பலகாரம்



ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் தென்காசிப் பக்கம் வயல் வேலை மும்முரமாகிவிடும். விடியுமுன் நடவுக்குப் போகிற வீட்டில் இட்லி, தோசைக்கு நேரம் ஏது? 2022-ல் அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் படிக்கிற பிள்ளை வெறும் டீயோடு பள்ளிக்கூடம் போய்விடக் கூடாது, பாருங்கள். அதற்குத்தான் பம்பாய் டோஸ்ட்.

டீக்கடையில் நாம் பம்பாய் டோஸ்ட் என்பதை வெளிநாடுகளில் பிரெஞ்சு டோஸ்ட் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களோ 'வீணாய்ப்போன ரொட்டி' என்று பொருள்படும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். முந்தின நாள் வாங்கி, ஈரம் வற்றி விறைத்த ரொட்டிதான் இதற்கு ஏற்றது. புது ரொட்டி பாலில் தோய்த்ததும் குழைந்துவிடும்.

ஆனால் விறைத்த ரொட்டி வேறு, பூசணம் பிடித்த ரொட்டி வேறு. சாரல் காலத்து ஈரக்காற்றில் ரொட்டி சீக்கிரம் பூசணம் பூக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் பொட்டலத்தோடு எறிந்துவிடுங்கள். புள்ளியை மட்டும் கிள்ளிப் போட்டால் போதாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கல்லில் சுட்டாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது. கோழிக்கும் மாட்டுக்கும்கூட அதைப் போட வேண்டாம்.

நாலு பேருக்கு எட்டுத் துண்டு ரொட்டி, மூன்று முட்டை, ஒரு டம்ளர் காய்ச்சி ஆறின பால் போதும். முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்தால் ஆகாது. முட்டையையும் பாலையும் சிட்டிகை உப்பு, ஏலக்காயோடு நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்தால் கல்லில் கருகும். கருப்பட்டியைத் தட்டிக் காய்ச்சி, மண் போக வடிகட்டி, பிறகு மேலே ஊற்றுங்கள். அந்த ருசி சீனியில் வராது!

ரொட்டியை இரண்டு பக்கமும் தோய்த்து உடனே எடுத்துவிடணும். தோசைக்கல்லில் நெய் தடவி, அடுப்பைத் தணித்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் வேகவிடுங்கள். தோசைத் திருப்பியால் அழுத்தினால் ஈரம் கசியக் கூடாது. கசிந்தால் உள்ளே முட்டை வேகவில்லை என்று அர்த்தம். மிஞ்சின கலவையைச் சாயங்காலத்துக்கு வைக்காமல் அப்போதே கல்லில் ஊற்றிச் சுட்டுவிடுங்கள்.

இனிப்பு ஆகாத பெரியவர்களுக்குச் சின்ன வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டுச் சுடலாம். வயலுக்குக் கொண்டுபோகிறவர்கள் பாகு ஊற்றாமல் வாழையிலையில் மடித்து எடுத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் சாப்பிட்டுவிடணும்.