எம். சி. ஆர். காலணி

எம். சி. ஆர். காலணி அல்லது நுண்ணறை இரப்பர்க் காலணி என்பது, பாதத்தில் வலி உணர்வை இழந்தவர்களுக்குப் புண் உண்டாகாமல் தடுக்கும் பொருட்டு வடிவமைக்கப்பட்ட காலணி ஆகும். மைக்ரோசெல்லுலார் ரப்பர் என்னும் பெயரின் சுருக்கமே எம். சி. ஆர். என வழங்குகின்றது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், அதனை அடுத்த காரிகிரியில் 1955 இல் தொடங்கப்பட்ட ஷெஃப்லின் தொழுநோய் ஆய்வு நிலையத்திலும் நடைபெற்ற பணிகளின் பயனாக இது உருப்பெற்றது. தொழுநோயாளருக்காக ஆக்கப்பட்ட இக்காலணி, பின்னர் நீரிழிவு நோயாளருக்கும் பயன்படலாயிற்று.

மருத்துவர், இயன்முறை மருத்துவர், இரப்பர்த் தொழில்நுட்பம் அறிந்தோர், செருப்புத் தைப்போர் ஆகிய பலரின் அறிவு ஒரே பொருளில் இணைந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

பின்னணி

தொழுநோய் மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் நுண்ணுயிரியால் உண்டாகின்றது. இதனை நோர்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873 இல் கண்டறிந்தார். இந்நுண்ணுயிரி தோலையும், கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளையும் தாக்குகின்றது. 1940களில் சல்போன் வகை மருந்துகள் பயன்பாட்டிற்கு வந்தபின் நோயைக் கட்டுப்படுத்த இயன்றது. ஆயினும், நோய் தணிந்த பின்னரும் பலருக்குப் பாதத்தில் ஆறாத புண் தோன்றி, எலும்பு வரை பரவி, இறுதியில் காலையே நீக்க நேர்ந்தது. இதனால் தொழுநோயாளரின் தசை தானாகவே அழுகும் தன்மை உடையது என்ற கருத்து மருத்துவரிடையேயும் நிலவி வந்தது.

கொல்லிமலையில் 1914 இல் பிறந்தவரும் இங்கிலாந்தில் பயின்றவருமான அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேனின் அழைப்பின்பேரில் அவர் செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று நோயாளரைக் கண்டார். முடங்கிய கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவம் முதலில் வளர்ந்தது. கால் புண்ணைப் பற்றிய ஆய்வு அதனைத் தொடர்ந்தது.

நோயாளரின் அன்றாட வாழ்வை உற்று நோக்கியபோது புண்களின் காரணங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. துருப்பிடித்த பூட்டைத் திறந்த ஒரு சிறுவனின் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தும் அவன் அதனை உணரவில்லை. இரவில் உறங்கும்போது சிலரின் விரல்களை எலிகள் கடித்திருந்தன. அதற்குத் தீர்வாக நோயாளருக்குப் பூனைகள் வழங்கப்பட்டன. தசை தானாக அழுகவில்லை, வலி என்னும் எச்சரிக்கை இல்லாமையால் உண்டாகும் காயங்களே உறுப்புகளை அழிக்கின்றன என்பது இவற்றால் தெளிவாயிற்று.

புண் உண்டாகும் முறை

உணர்வற்ற பாதத்தில் காயம் முதன்மையாக மூன்று வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, முள், ஆணி, கண்ணாடி போன்ற கூரிய பொருட்கள் குத்துதல். குறுகிய பரப்பில் பேரளவு அழுத்தம் விழுவதால் தோல் உடனே கிழிகின்றது.

இரண்டாவது, இறுக்கமான செருப்பு வார் போன்றவற்றின் இடைவிடாத மெல்லிய அழுத்தம். இவ்வழுத்தம் குறைவானதே எனினும், பல மணி நேரம் நீடிக்கும்போது அவ்விடத்திற்குக் குருதி செல்லாமல் திசு இறந்துவிடுகின்றது.

மூன்றாவது, நடையின்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் மிதமான அழுத்தம். புண்களுள் மிகப் பலவற்றிற்கு இதுவே காரணம். நலமுள்ள ஒருவர் நெடுந்தொலைவு நடந்தால், வலிக்கும் இடத்தைத் தவிர்க்கும் வகையில் அவரறியாமலேயே நடையை மாற்றிக் கொள்கின்றார். உணர்வு இழந்தவரோ முதல் அடியை வைத்தவாறே ஆயிரமாவது அடியையும் வைக்கின்றார். இதனால் திசு அழற்சியுற்று, உள்ளே சிதைந்து, பின் வெளியே புண்ணாகத் திறக்கின்றது. புண் திறப்பதற்கு முன்பே அவ்விடம் சூடாக இருக்கும். கையால் தொட்டே இதனை அறியலாம்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது என்னும் எளிய இயற்பியல் விதியே இங்கு அடிப்படை. நடக்கும்போது உடல் எடை முழுவதையும் ஒரே கால் தாங்கும் கணம் உண்டு. 60 கிலோகிராம் எடை 60 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோகிராம் வீதம் விழும். அதே எடை விரல்களின் அடிமுகட்டில் 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டும் விழுந்தால், அது 6 கிலோகிராம் ஆகிவிடும். உடல் எடையைக் குறைக்க இயலாது. ஆனால் எடையைத் தாங்கும் பரப்பைக் கூட்ட இயலும். காலணியின் பணி இதுவே.

அமைப்பு

இரப்பருடன் வளிமம் உண்டாக்கும் வேதிப்பொருளைக் கலந்து அழுத்தத்தில் சூடாக்கும்போது, அதனுள் ஒன்றோடொன்று இணையாத எண்ணற்ற நுண்ணிய அறைகள் உருவாகின்றன. சாதாரணப் பஞ்சு இரப்பர் சில நாட்களிலேயே நசுங்கித் தட்டையாகிவிடும். நுண்ணறை இரப்பரின் மூடிய அறைகளில் வளிமம் அடைபட்டிருப்பதால், அது மிதிக்கும்போது அமுங்கிப் பின் பழைய நிலைக்கு மீள்கின்றது. மிக மென்மையாயின் பாதம் அடித்தளத்தைத் தொட்டுவிடும். மிகக் கடினமாயின் அழுத்தம் பரவாது. எனவே சரியான கடினத்தன்மையைத் தெரிந்தெடுப்பது இன்றியமையாதது.

காலணியின் முதன்மைக் கூறுகள் பின்வருவன:

- உட்தளம்: பாதத்தைத் தாங்கும் நுண்ணறை இரப்பர்.
- அடித்தளம்: முள்ளும் கல்லும் ஊடுருவாத கடின இரப்பர். பழைய டயர் இரப்பரும் இதற்குப் பயன்பட்டது.
- வார்கள்: அகலமான, இறுக்காத தோல் வார்கள். பிடிப்பிழந்த காலில் இருந்து செருப்பு கழலாதிருக்கக் குதிகாலின் பின்புறமும் ஒரு வார் அமைக்கப்படும்.
- இணைப்பு: பசையும் தையலும் மட்டுமே. ஆணி அடிக்கப்படுவதில்லை. தேய்ந்த செருப்பில் மேலெழும் ஆணி உணர்வற்ற பாதத்தைத் துளைத்துவிடும் என்பதே இதற்குக் காரணம்.

பாதம் உருக்குலைந்தவர்களுக்கு, அவர்தம் பாதத்தின் அச்சிற்கேற்ப வார்க்கப்பட்ட உட்தளமும், முன்பாதம் வளையாதிருக்கப் படகின் அடிபோல் வளைந்த விறைப்பான அடித்தளமும் தேவைப்படும்.

கைத்தொழிலின் பங்கு

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகியன தோல் பதனிடுதலுக்கும் காலணி உற்பத்திக்கும் பெயர்பெற்ற ஊர்கள். (2019 இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், இராணிப்பேட்டை தன் பெயரிலான மாவட்டத்திலும் அடங்கும்.) ஏற்றுமதி ஆலைகளில் ஒரே அளவு அச்சில் ஆயிரக்கணக்கான இணைகள் உருவாகின்றன. மருத்துவமனையின் செருப்புக் கூடத்திலோ ஒரே மனிதரின் இரு கால்களுக்கும் வேறு வேறு வடிவம் தேவைப்படலாம். வார் எங்கே உராய்கின்றது, தையல் எங்கே அழுத்துகின்றது என்பதைக் கண்டு திருத்துபவர் செருப்புத் தைப்பவரே. நோயிலிருந்து மீண்ட பலர் இத்தொழிலைக் கற்றுப் பிறருக்குக் காலணி செய்வோர் ஆயினர்.

மாவுக்கட்டு முறை

காலணி புதிய புண்ணைத் தடுக்கும். ஏற்கனவே உள்ள புண்ணை ஆற்ற மாவுக்கட்டு முறை கையாளப்பட்டது. பாதத்தோடு முழுதும் பொருந்தும் மாவுக்கட்டினுள் எடை சமமாகப் பரவுவதால், நோயாளர் நடமாடிக் கொண்டிருக்கையிலேயே புண் ஆறுகின்றது. இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ரோய் பால் 1930களிலேயே இம்முறையைப் பயன்படுத்தினார். 1966 இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அங்கு இதனைப் பரப்பினார். உணர்வற்ற நீரிழிவுப் பாதத்திலும் புண் இதே முறையில் உண்டாவது உணரப்பட்டமையால், இம்மருத்துவம் இன்று உலகெங்கும் நீரிழிவு நோயாளருக்குக் கையாளப்படுகின்றது.

வரம்புகள்

நுண்ணறை இரப்பர் நாளடைவில் நசுங்கித் தன் மீள்தன்மையை இழக்கும். எனவே காலணியைக் குறித்த கால இடைவெளியில் மாற்ற வேண்டும். மேலும், காலணி அழிந்த நரம்பை மீட்பதில்லை. நாள்தோறும் பாதத்தைப் பார்வையிடுதல், நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவுதல், காய்ப்பை மெல்லத் தேய்த்து நீக்குதல் ஆகியவை உடன் தேவை.

சமூகத் தடை இதனினும் கடினமானது. கருநிற எம். சி. ஆர். செருப்பு பல இடங்களில் தொழுநோயாளரின் அடையாளமாகவே கருதப்பட்டது. தம் நோய் பிறருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சிச் சிலர் அதனை அணிய மறுத்தனர். அணியப்படாத காலணி எவ்வளவு சிறப்பாக வடிவமைக்கப்பட்டிருப்பினும் பயன் தராது. ஆகவே, கடைகளில் விற்கும் செருப்பைப் போன்றே தோற்றமளிக்கும் வடிவங்கள் பின்னர் உருவாக்கப்பட்டன.

இன்றைய நிலை

தொழுநோய் பொது உடல்நலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீங்கியதாக இந்தியா 2005 திசம்பரில் அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானோரே நோயுற்றிருத்தல் என்பது அதன் அளவுகோல். எனினும் நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு இலட்சம் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். மருந்தால் குணமான பின்னரும் உணர்விழந்த பாதத்துடன் வாழ்வோர் பலர். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இவர்களுக்கு எம். சி. ஆர். காலணிகள் இலவசமாக வழங்கப்படுகின்றன.