மலைநீர் செல்லும் வழியே கடல்மல்லைக்கு

கூட்டமில்லாக் காலத்தில் முதியோர் மேற்கொள்ளத்தக்க மூன்று நாள் யாத்திரை

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின்மீது அமைந்துள்ளது நெல்லிவாசல்நாடு. புதூர்நாடும் புங்கம்பட்டுநாடும் இதன் அண்டை நாடுகள். சாமையும் புளியும் பலாவும் தேனும் தரும் இம்மலையில், பிறந்தது முதல் குன்றுகளையே கண்டு வளர்ந்து, கடலை ஒருமுறையேனும் காணாமல் முதுமை எய்திய பெரியவர்கள் இன்றும் உண்டு. சமவெளியில் வாழும் முதியோர் பலரின் நிலையும் இதுவே. "பொங்கல் விடுமுறையில் போகலாம்", "கோடை விடுமுறையில் போகலாம்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். விடுமுறை வரும்; கூட்டமும் வரும். வரிசையில் நிற்க முடியாது என்று அஞ்சிப் பெரியவர்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள். ஆண்டுகள் இப்படியே கழிகின்றன.

மனிதர்கள் தள்ளிப்போடும் இந்தப் பயணத்தை மலையில் பெய்யும் மழைநீர் தவறாமல் மேற்கொள்கிறது. ஜவ்வாது மலைத்தொடரில் பிறக்கும் செய்யாறு, செங்கம், கலசபாக்கம் பகுதிகளைக் கடந்து, திருவோத்தூரை நனைத்து, திருமுக்கூடலில் பாலாற்றுடன் கலக்கிறது. பாலாறு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, வயலூரை அடுத்துக் கடலில் சேர்கிறது. இந்த நீர்வழியை ஒட்டியே பாடல் பெற்ற தலங்களும் திவ்ய தேசங்களும் அமைந்திருப்பது முதியோருக்குக் கிடைத்த நற்பேறு. மூன்றே நாளில், நாளொன்றுக்கு ஒருசில தலங்களாக, இவ்வழியே சென்று கடலைத் தரிசித்துவிடலாம். காலத்தைச் சரியாகத் தேர்வது ஒன்றே இதில் முக்கியம்.

எந்த மாதம் ஏற்றது?

சோழமண்டலக் கடற்கரைக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையின் காலம். புயல் எழக்கூடிய நாட்கள். மார்கழியிலும் தையிலும் சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் செல்லும் அடியார்களோடு, விடுமுறைப் பயணிகளும் வெளிநாட்டவரும் மாமல்லபுரத்தில் திரள்வார்கள். காணும் பொங்கலன்று கடற்கரையில் கால் வைக்கவே இடமிராது. மாசி மகத்தில் பெருமாளின் தீர்த்தவாரி நடைபெறும். இருளர் குடிமக்கள் பல ஊர்களிலிருந்தும் குடும்பத்துடன் வந்து கடற்கரை மணலிலேயே தங்கி வழிபடுவதும் அப்போதுதான். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயிலும் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களில் நெரிசல் மிகுதி.

இவற்றைக் கழித்தால் இரண்டு காலங்கள் எஞ்சுகின்றன. மாசி மகம் முடிந்ததிலிருந்து பங்குனி உத்திரத்துக்கு முன்புவரை உள்ள நாட்கள் ஒன்று. பிள்ளைகளுக்குத் தேர்வுக்காலம் ஆதலால் குடும்பங்கள் வெளியூர் செல்வது குறைவு, வெயிலும் முற்றியிராது. மலையூர்களில் சாமை அறுவடையும் அதற்குள் ஓய்ந்திருக்கும். ஆனி தொடங்கி ஆவணி முடிய உள்ள நாட்கள் மற்றொன்று. பகலில் வெப்பம் இருந்தாலும், பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கிவிடும். சில மாலைகளில் இடியுடன் மழையும் பெய்யும். ஆடி அமாவாசை, ஆடிப்பூரம் ஆகிய நாட்களை மட்டும் தவிர்ப்பது நலம். எந்த மாதமானாலும் சனி, ஞாயிறுகளில் சென்னை மக்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையை நிறைத்துவிடுவார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரையிலான மூன்று நாட்களே சிறந்தவை. தங்குமிடங்களின் வாடகையும் அந்நாட்களில் தணிந்தே இருக்கும்.

திருநாள் அல்லாத நாளில் செல்வதா?

திருநாளில் செல்வதே புண்ணியம், வெறும் நாளில் சென்று என்ன பயன் என்ற ஐயம் பெரியவர்கள் பலருக்கும் எழும். கடல்மல்லைத் தலசயனப் பெருமாளின் தலவரலாறே இதற்கு விடை தருகிறது.

புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பறித்துக்கொண்டு, திருப்பாற்கடலில் பள்ளிகொண்ட பரமனின் திருவடிகளில் சமர்ப்பிக்கப் புறப்பட்டார். கடல் குறுக்கிட்டது. கடல்நீரைக் கையால் இறைத்தே வழி உண்டாக்கிவிடலாம் என்று இரவு பகலாக இறைத்துக்கொண்டிருந்தார். அப்போது பெருமான் ஒரு முதியவர் வடிவில் வந்து, தமக்குப் பசிக்கிறது என்றும், உணவு கொண்டுவந்தால் அதுவரை தாமே நீரை இறைப்பதாகவும் கூறினார். மகரிஷி உணவுடன் திரும்பியபோது, அந்த மலர்களைச் சூடிக்கொண்டு, ஆதிசேடனாகிய அணையும் இன்றி, வெறுந்தரையிலேயே பெருமான் சயனித்திருந்தார். தலசயனம் என்னும் திருநாமம் இதனால் அமைந்தது. அடியாரை அருகே அழைக்கும் பாவனையில் பெருமாளின் திருக்கரம் அமைந்திருப்பதாகப் பெரியோர் சொல்வர்.

பெருமான் அங்கே திருவிழா நாள் பார்த்து எழுந்தருளவில்லை. முயன்று களைத்த ஓர் அடியாரின் பொருட்டு, முதியவராகவே வந்தார். நித்திய பூஜை நாள்தோறும் ஒன்றுபோலவே நடைபெறுகிறது. கூட்டமில்லாத நாளில் சன்னிதிமுன் சற்று நேரம் நின்று, திருமுகமண்டலத்தையும் திருவடியையும் நிதானமாகச் சேவிக்க முடிவது முதிய கண்களுக்குப் பெரும் பேறு.

முதல் நாள்: திருவோத்தூரும் காஞ்சியும்

நெல்லிவாசல்நாட்டிலிருந்து ஜமுனாமரத்தூர் வழியாகப் போளூரில் இறங்கி, ஆரணி கடந்து செய்யாறு நகரை அடையலாம். மலைப்பாதையில் தலைச்சுற்றல் உள்ளவர்கள் வெறும் வயிற்றிலோ வயிறு நிறைந்தோ புறப்படாமல், எளிய சிற்றுண்டியுடன் காலையிலேயே கிளம்புவது நல்லது.

செய்யாறு நகரிலுள்ள திருவோத்தூர், செய்யாற்றங்கரையில் அமைந்த பாடல் பெற்ற தலம். ஓத்து என்றால் வேதம். இறைவன் வேதத்தை ஓதுவித்த இடம் ஆதலின் இப்பெயர். இறைவன் வேதபுரீசுவரர், அம்பிகை பாலகுஜாம்பிகை. சிவனடியார் ஒருவர் வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகிப் பயன் தராமற் போக, பிறர் எள்ளியதைக் கேட்டு அவர் வருந்தினார். திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவை பெண்பனைகளாகிக் குலை தள்ளின என்பது வரலாறு. காலம் கடந்துவிட்டது, இனிப் பயனில்லை என்று எண்ணுவோருக்கு ஆறுதல் தரும் தலம் இது.

அன்றிரவு காஞ்சிபுரத்தில் தங்கலாம். ஜவ்வாது மலைவாழ் மலையாளி மக்களின் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கிவரும் செய்தி. ஆகவே நெல்லிவாசல்நாட்டுப் பெரியவர் ஒருவருக்குக் காஞ்சியில் ஓர் இரவு தங்குவது மூதாதையர் மண்ணை மிதிப்பதாகும். கோயில் நகரம் ஆயிற்றே என்று ஒரே மாலையில் பல கோயில்களைச் சுற்ற முற்படுவது முதுமைக்கு ஒவ்வாது. காமாட்சியம்மனையோ வரதராஜப் பெருமாளையோ, ஒரு சன்னிதியை மட்டும் மனங்குளிரத் தரிசித்து ஓய்வெடுப்பதே தகும்.

இரண்டாம் நாள்: முக்கூடலும் கழுக்குன்றமும்

காஞ்சியிலிருந்து செங்கல்பட்டு செல்லும் வழியில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம். இங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளுடன் ஆதுலர் சாலை ஒன்று இயங்கியதையும், மருத்துவர், பணியாளர், மருந்துவகைகள் ஆகியவற்றுக்குச் செய்த ஏற்பாடுகளையும் அது விரிவாகக் கூறுகிறது. கோயிலைச் சார்ந்தோரின் உடல்நலத்தையும் பேணுவது அறம் என்று நம் முன்னோர் கருதியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அன்றாட மருந்துகளைக் கைப்பையில் தனியே எடுத்துவைக்க மறந்தவர்களுக்கு இக்கல்வெட்டு ஒரு நினைவூட்டல்.

அடுத்தது திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீசுவரர், அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரரும் திரிபுரசுந்தரி அம்பிகையும். மலைக்கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் உள்ளன. மலையூரில் ஏறி இறங்கிப் பழகிய கால்களே ஆனாலும், மூட்டுவலியோ இதயநோயோ உள்ளவர்கள் ஏற முற்பட வேண்டாம். மலையையே சிவமாக எண்ணிக் கீழிருந்து கைகூப்பி, தாழக்கோயிலில் வழிபட்டு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு தோன்றும் சங்குதீர்த்தத்தின் கரையில் அமர்ந்து வந்தால் போதும்.

அங்கிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணிக்குப் பிறகே திறக்கும் ஆதலால், பகலுணவுக்குப்பின் தங்குமிடத்தில் உறங்கி எழுந்து, மாலையில் தலசயனப் பெருமாளையும் நிலமங்கைத் தாயாரையும் சேவிக்கலாம். பூதத்தாழ்வார் அவதரித்த திருத்தலமும் இதுவே.

மூன்றாம் நாள்: கடல்

மறுநாள் சூரியோதயத்துக்கு முன்பே கடற்கரைக்குச் சென்றுவிட வேண்டும். பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த கடற்கரைக் கோயில் அருகிலேயே உள்ளது. 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோயிலில் இரண்டு சிவ சன்னிதிகளுக்கு இடையே திருமால் தரையில் சயனித்திருக்கிறார். இங்கு இப்போது பூஜை இல்லை. எனினும் சைவமும் வைணவமும் ஒரே கூரையின்கீழ் அலையோசை கேட்டிருப்பது காணத்தக்கது.

பருவ நாட்களிலன்றி மற்ற நாட்களில் கடலாடலாகாது, சேதுவுக்கு மட்டுமே இதில் விலக்கு என்பது மரபு. கடல்மல்லையை அர்த்தசேது என்று போற்றுவதால் சிலர் எந்நாளிலும் நீராட விரும்புவர். ஆனால் இக்கரையில் அலையின் இழுப்பு வலியது. முதியோர் இறங்கிக் குளிப்பது தகாது. ஈரமணலில் துணைவரின் கையைப் பற்றி நின்று, உதிக்கும் கதிரவனையும் கடலரசனையும் ஒருசேர வணங்கினால் அதுவே நிறைவான வழிபாடு. கடற்கரையில் தர்ப்பணம் செய்ய விழைவோர், பெருந்திரள் கூடும் ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளை விடுத்து, ஆனி அல்லது பங்குனி அமாவாசையை ஒட்டித் தம் பயணத்தை அமைத்துக்கொள்ளலாம்.

வடக்கே செல்லும் சாலையில் சாளுவன்குப்பம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வெளிப்பட்ட கல்வெட்டைத் தொடர்ந்து நடந்த அகழாய்வில், மணலுக்குள் புதைந்திருந்த பழமையான முருகன் கோயில் இங்கே கிடைத்தது. சன்னிதியின்முன் கல்லால் ஆன வேலும் காணப்பட்டது.

நிறைவாகத் திருவிடந்தை. காலவ முனிவரின் 360 புதல்வியரையும் நாளுக்கு ஒருவராக மணந்து, நிறைவில் அவர்களை ஒருத்தியாக்கித் தம் இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்ட ஆதிவராகப் பெருமாள், நித்தியகல்யாணப் பெருமாள் என்னும் திருநாமத்துடன் இங்கு அருள்கிறார். மணமாகாதவர்கள் மாலை சாற்றி வேண்டிக்கொள்ளும் தலம் ஆதலால், பேரன் பேத்தியரின் திருமணத்தை எண்ணிக் கவலையுறும் தாத்தா பாட்டியர் விண்ணப்பிக்க ஏற்ற சன்னிதி. விடுமுறை நாட்களில் நெரிசல் மிகும் இக்கோயிலில், வார நடுவில் பெருமாள்முன் நின்று சேவிக்க நேரம் கிடைக்கும்.

உடன் கொள்ள வேண்டியவை

குளிர்ந்த மலையிலிருந்து வருவோருக்குக் கடற்கரையின் புழுக்கம் புதிது. வியர்வை மிகும், ஆதலால் தாகம் தோன்றும்வரை காத்திராமல் மோரோ இளநீரோ அவ்வப்போது பருக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு இளநீர் பருகலாம். நீரிழிவு உள்ளவர்கள் நண்பகலில் சுடும் கல்தளத்தில் வெறுங்காலுடன் நடத்தலாகாது. கால் மரத்திருந்தால் சூடு தெரியாமலே கொப்புளம் எழும். கைத்தடி, மருத்துவச் சீட்டின் நகல், உறவினரின் தொலைபேசி எண் எழுதிய தாள் ஆகியவை சட்டைப்பையிலேயே இருக்கட்டும். இளையவர் ஒருவர் துணை வருதல் இன்றியமையாதது. அவருக்கும் வேலை நாளில் மூன்று நாள் விடுப்பு வேண்டுமாதலால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

ஆகவே விடுமுறை வரட்டும் என்று காத்திராமல், பஞ்சாங்கத்தை எடுத்து, விழாக்குறிப்பு ஏதும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்து, பிள்ளைகளிடம் இன்றே சொல்லிவிடுவது நல்லது. கால்கள் நடக்க வல்லனவாக இருக்கும்போதே கடலைக் கண்டுவிட வேண்டும்.