ஊருக்கே நடை எழுதிக் கொடுத்த டாக்டர் மேயர்!

காலை நேரம். முதுகில் பையை மாட்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பேசிக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறார்கள். கூட அம்மா இல்லை, அப்பா இல்லை, வேனும் இல்லை. தெருவைக் கடக்க வேண்டிய இடம் வருகிறது. பிள்ளைகள் நிற்கவில்லை. எதிரே வந்த கார்தான் நிற்கிறது. சிக்னல் விளக்கும் கிடையாது, போலீஸ்காரரும் கிடையாது. பிள்ளைகள் கடந்து போகும்வரை டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார்.

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகல் நாட்டுக்கு மேலே இருக்கிறது கலீசியா மாகாணம். அங்கே சுமார் 83,000 பேர் வாழும் ஊர் பொந்தேவேத்ரா. மேலே சொன்ன காட்சி அந்த ஊரில் தினசரி நடப்பது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இப்படி நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

1990-களில் அந்த ஊர் வேறு மாதிரி இருந்தது. நடு ஊரில் பழைய கோட்டை நகரம்; கல் வீடுகள், குறுகிய சந்துகள், சதுக்கங்கள். அவ்வளவையும் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மேயர் அலுவலகம் இருக்கும் தெருவில் மட்டும் நாளொன்றுக்கு 14,000 கார்கள் ஓடின. ஊரில் இருக்கும் மக்களைவிட ஊருக்குள் தினமும் புகுந்து போகும் கார்கள் அதிகம். புகை, இரைச்சல், விபத்து. இருட்டினால் பழைய சந்துகளில் போதைப்பொருள் வியாபாரம். வசதி உள்ளவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனார்கள். நடு ஊர் செத்துக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் ஒரு டாக்டர் மேயர் பதவிக்குக் குறி வைத்தார். பெயர் மிகேல் ஆன்ஷோ ஃபெர்னாந்தெஸ் லோரெஸ். 1954-ல் பிறந்தவர், சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவில் மருத்துவம் படித்தவர். கலீசிய மொழிக்கும் மண்ணுக்கும் குரல் கொடுக்கும் கலீசிய தேசியக் கூட்டணி என்ற கட்சிக்காரர். ஸ்பெயினின் பெரிய கட்சிகளோடு ஒப்பிட்டால் சின்னக் கட்சி. பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் வீணாகவில்லை என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. ஆட்சிக்கு வந்த பிறகு கமிட்டி போட்டு யோசிக்க வேண்டிய விஷயங்களை, அவரும் அவருடைய கூட்டாளி செசார் மொஸ்கேராவும் மற்றவர்களும் முன்கூட்டியே பேசித் தீர்த்து வைத்திருந்தார்கள்.

முதலில் அவர்களும் எல்லோரையும் போலத்தான் யோசித்தார்கள். போக்குவரத்தை எப்படிச் சீராக்குவது, கார்கள் தேங்காமல் ஓட என்ன செய்வது என்று. ஒரு வழியும் உருப்படியாகத் தோன்றவில்லை. பிறகுதான் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். இந்த வண்டிகளெல்லாம் இங்கே எதற்கு வருகின்றன?

டாக்டர் நோயாளியைப் பார்ப்பது போலத்தான் இதைப் பார்த்தார்கள். ஊருக்குள் வரும் வண்டிகளை மூன்றாகப் பிரிக்கலாம். உண்மையிலேயே வேலை இருந்து வருபவை முதல் வகை. ஆம்புலன்ஸ், கடைக்குச் சரக்கு கொண்டுவரும் வண்டி, அங்கேயே குடியிருப்பவரின் கார், நடக்க முடியாதவரை ஏற்றி வரும் கார் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது வகைக்கு அந்த ஊரில் வேலையே கிடையாது. ஒரு பக்கமாக நுழைந்து மறுபக்கம் போவதற்குக் குறுக்கு வழியாக ஊரைப் பயன்படுத்திக்கொள்ளும். மூன்றாவது வகைதான் வேடிக்கை. ‘எங்காவது நிறுத்த இடம் கிடைக்காதா’ என்று அதே தெருக்களைச் சுற்றிச் சுற்றி வரும் வண்டிகள். பிரச்னையில் பெரும்பங்கு பின்னால் சொன்ன இரண்டு வகைகளும்தான். அவற்றை வெளியே நிறுத்திவிட்டால் முதல் வகைக்குத் தாராளமாக இடம் இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு.

கணக்குக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. தெரு எல்லோருக்கும் சொந்தம். கார் ஒருவருடைய தனிச் சொத்து. வீட்டுப் பீரோவைக் கொண்டுவந்து தெருவில் வைத்தால் விடுவார்களா? காரை மட்டும் ஏன் விட வேண்டும்? வயதானவர்களும் குழந்தைகளும் கார்களுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்கள் என்றால், அந்தத் தெரு யாருக்காகப் போடப்பட்டது என்று கேட்டார் லோரெஸ்.

1999 தேர்தலில் சோஷலிஸ்ட் கட்சியின் ஆதரவோடு அவர் மேயரானார். புது மேயருக்கு மாலை மரியாதை நடக்கும் முதல் மாதத்திலேயே வேலை தொடங்கிவிட்டது. பழைய நகரத்தின் 3 லட்சம் சதுர மீட்டர் பரப்பு, அதாவது சுமார் 74 ஏக்கர், நடப்பவர்களுக்கு என்று அறிவிக்கப்பட்டது. தார் போய்க் கருங்கல் பலகைகள் வந்தன. கலீசியாவில் கருங்கல்லுக்குப் பஞ்சம் கிடையாது. நடைபாதை, சாலை என்ற உயர வித்தியாசமே இல்லாமல் தெரு முழுவதும் ஒரே மட்டமாக்கப்பட்டது. அந்த மட்டத்தைப் பார்த்தவுடனேயே கார் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும், இங்கே தான் விருந்தாளி என்று.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. முதலில் கொதித்தவர்கள் கடைக்காரர்கள். ‘வாசலில் காரை நிறுத்த முடியாவிட்டால் யார் கடைக்கு வருவார்கள்?’ என்பது அவர்களுடைய கேள்வி. பிழைப்பு சம்பந்தப்பட்டது என்பதால் அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காரில் கடந்து போகிறவர் கடை ஜன்னலைப் பார்ப்பதில்லை. நடந்து போகிறவர்தான் நின்று பார்க்கிறார். இது புரியச் சில ஆண்டுகள் பிடித்தன. அதுவரை தாக்குப்பிடிக்கும் துணிச்சல் மேயருக்கு இருந்தது. முதல் மாதத்திலேயே ஆரம்பித்ததன் பலனும் இங்கேதான் தெரிந்தது. அடுத்த தேர்தல் வருவதற்குள் மக்கள் மாற்றத்தை நடந்தே பார்த்துவிட்டார்கள். 2003-ல் மீண்டும் லோரெஸ்தான் மேயர்.

கார் ஒழிப்பு என்று இதைப் புரிந்துகொண்டால் தவறு. இன்றும் ஊருக்குள் கார் போகலாம். ஆனால் ஒரு தெரு வழியாக நுழைந்தால் வளைந்து திரும்பி வந்த பக்கமே வெளியேறும்படி பாதைகளை அமைத்திருக்கிறார்கள். குறுக்கே கடந்து மறுபக்கம் போக வழியே கிடையாது. அதனால் குறுக்கு வழிக்காரர்கள் தாமாகவே வெளிச்சாலைக்குப் போய்விட்டார்கள். நடு ஊரில் தெருவோர பார்க்கிங் எடுக்கப்பட்டது. மருந்து வாங்க, சாமான் இறக்கச் சில நிமிடங்கள் நிறுத்த மட்டும் இடம் உண்டு. நாள் முழுக்க நிறுத்த வேண்டியவர்களுக்கு நிலத்தடி பார்க்கிங்கும், ஊரின் ஓரத்தில் காசில்லாத பார்க்கிங்கும் இருக்கின்றன. அங்கே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். பல இடங்களில் சிக்னல்களை எடுத்துவிட்டு ரவுண்டானா வைத்தார்கள். தெருவைக் கடக்கும் இடங்களை நடைபாதையின் உயரத்துக்கே உயர்த்தினார்கள். இதனால் சக்கர நாற்காலியோ, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டியோ இறங்கி ஏற வேண்டியதில்லை. காருக்குத்தான் ஏற்ற இறக்கம். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்பது 2010-லேயே வந்துவிட்டது. ஸ்பெயின் அரசு நாடு முழுவதும் பெரும்பாலான ஊர்த் தெருக்களுக்கு இதே விதியைக் கொண்டுவந்தது 2021-ல்தான்.

சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டு ஊரைக் கோடு கிழிக்கவும் இல்லை. எல்லோரும் மெதுவாகப் போகும் தெருவில் சைக்கிளுக்கு எதற்குத் தனிக் கோடு என்று விட்டுவிட்டார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் இத்தாலிய உளவியல் அறிஞர் ஃபிரான்செஸ்கோ தொனூச்சி. குழந்தை தனியாக நடந்து போகக்கூடிய ஊர்தான் எல்லோருக்கும் நல்ல ஊர் என்று 1990-களின் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருபவர். அவருடைய யோசனைகளைப் பின்பற்றிப் பள்ளிக்கு நடந்து போகும் வழிகளை ஊர் ஒழுங்குபடுத்தியது. வழியிலுள்ள கடைக்காரர்களும் பிள்ளைகள் மீது ஒரு கண் வைத்துக்கொண்டார்கள். ‘கடைக்கு ஆள் வராது’ என்று ஒரு காலத்தில் சண்டை போட்டவர்களும் இதே கடைத்தெருக்காரர்கள்தான்!

2011-ல் வந்தது ‘மெட்ரோமினூத்தோ’. பார்த்தால் அசல் மெட்ரோ ரயில் வரைபடம். சிவப்பு, நீலம், பச்சை என்று கோடுகள், நடுவே நிலையங்கள். ஆனால் பொந்தேவேத்ராவில் மெட்ரோ ரயிலே கிடையாது. கோடுகளெல்லாம் நடக்கும் பாதைகள். நிலையங்கள் என்பவை சதுக்கம், சந்தை, ஆஸ்பத்திரி, ரயிலடி. ஒவ்வொரு கோட்டின் மேலும் எத்தனை மீட்டர், நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறது. ஒரு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்ற கணக்கில் பார்த்தால், ‘அவ்வளவு தூரமா’ என்று மலைத்த இடமெல்லாம் கால் மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஒரு காகிதம், கொஞ்சம் வண்ணம், அவ்வளவுதான் செலவு. ஐரோப்பாவில் பல ஊர்கள் இதைப் பார்த்துத் தங்களுக்கும் ஒன்று அச்சடித்துக்கொண்டன.

பலன் என்ன? 1996-லிருந்து 2006 வரை விபத்துகளில் 30 பேரைப் பலிகொண்ட தெருக்களில், அடுத்த பத்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 3 பேர். நடு ஊரில் கரியமில வாயு 70 சதவிகிதம் குறைந்தது. சுற்றுவட்டாரத்தில் மக்கள் குறைந்துகொண்டே போகும் காலத்தில், பொந்தேவேத்ராவின் நடு ஊருக்கு 12,000 பேர் புதிதாகக் குடிவந்தார்கள். 2014-ல் ஐக்கிய நாடுகள் சபையின் குடியிருப்பு அமைப்பு, துபாய் நகராட்சியோடு சேர்ந்து வழங்கும் விருது கிடைத்தது. இதற்கெல்லாம் மாகாண அரசிடமிருந்து பெரிய உதவி எதுவும் வரவில்லை. அங்கே பெரும்பாலும் எதிர்க்கட்சியின் ஆட்சி.

கலீசியாவில் மழை அதிகம், அங்கே எப்படி நடக்கிறார்கள் என்று தோன்றலாம். குடை பிடித்துக்கொண்டுதான். பழைய நகரத்தில் கல் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்களும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்கும் மழை தெரிந்திருக்கிறது. அங்கிருந்து சற்று நடந்தால் சிப்பி வடிவில் அமைந்த பெரெக்ரீனா தேவாலயம். பக்கத்திலேயே ஒரு கிளிக்குச் சிலை! ரவச்சோல் என்ற அந்தக் கிளியை வளர்த்தவர் மருந்துக்கடைக்காரர் ஒருவர். வாயைத் திறந்தால் திட்டுத்தான். 1913-ல் அது இறந்தபோது ஊரே திரண்டு இறுதி ஊர்வலம் நடத்தியது. இன்றும் திருவிழாக் காலத்தில் அதற்கு ‘சவ அடக்கம்’ நடக்கிறது. கிளிக்கு ஊர்வலம் விடுகிற ஊருக்குத் தெரு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. வெளிச்சாலைகளில் நெரிசல் கூடிவிட்டது என்று எதிர்க்கட்சியினர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சுற்றியுள்ள கிராமப் பகுதிகளும் இதே நகராட்சியில்தான் சேர்த்தி. அங்கிருப்பவர்கள் கார் இல்லாமல் ஊருக்குள் வர முடியாது. நகரப் பேருந்து வசதியும் பெரிதாக இல்லை. நடு ஊரின் நிம்மதி ஓரத்தில் இருப்பவர்களுக்கும் கிடைத்ததா என்ற கேள்வி நியாயமானதுதான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடக்கூடிய சின்ன ஊர் என்பதும் உண்மை. பல லட்சம் பேர் வாழும் நகரம் இதை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

லோரெஸ் ஜெயிக்காத இடமும் ஒன்று உண்டு. ஊருக்கு வெளியே, கடல் உள்வாங்கி நிற்கும் கழிமுகத்தின் கரையில், லூரிசான் என்ற இடத்தில் ஒரு காகிதக்கூழ் ஆலை இருக்கிறது. ஃபிராங்கோவின் சர்வாதிகாரக் காலத்தில் கடற்கரையில் கொண்டுவந்து வைத்தது. அதை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்பது அவர் கட்சியின் நெடுநாள் கோரிக்கை. 2016-ல் அரசு ஆலைக்கு 2073 வரை இருக்க அனுமதி கொடுத்தது. 2021-ல் ஒரு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஊர் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட்டு ஆலை பக்கம் நின்றது. ஆலையை நம்பிப் பிழைக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது நிம்மதி; மேயருக்குத் தோல்வி.

அதே 2023-ல்தான் அவர் ஏழாவது முறையாக மேயரானார். ஆலைக்கு எதிராக ஆண்டுதோறும் ஊர்வலம் நடப்பது வழக்கம். பொந்தேவேத்ராவிலிருந்து ஒரு கூட்டமும், அடுத்த ஊரான மாரினிலிருந்து ஒரு கூட்டமும் கிளம்பி, வழியில் லூரிசானில் ஆலை வாசலில் சந்தித்துக்கொள்ளும். எல்லோரும் நடந்துதான் போகிறார்கள்.