ஒரு மானின் உயிருக்கு இத்தனை கணக்கா?



துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனத்தில் முதலில் எழுவது எது? சினிமாச் சுவரொட்டியா? வங்கி வாசலில் நிற்கும் காவலாளியா?

எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பங்களில் அந்தச் சொல்லுக்கு ஒரு தேதி உண்டு. 1990 ஒக்டோபர் 30. அன்று யாழ் நகரத்து முஸ்லிம்களுக்கு வீட்டை விட்டுப் புறப்பட இரண்டு மணி நேரம் தரப்பட்டது. எதை எடுப்பது, எதை விடுவது என்று உம்மா தடுமாறியதும், வாப்பா கதவைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்ததும், வாசலில் துப்பாக்கியோடு நின்ற பையனுக்கு இன்னும் மீசைகூட முளைக்காததும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

அப்படிப்பட்ட நான் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு ஒரு கட்டுரை எழுதுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. எழுத வைத்தது இணுவிலில் கழித்த ஒரு மாலைப்பொழுது.

இணுவிலில் ஒரு முறைப்பாடு

கடந்த விடுமுறையில் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் போயிருந்தேன். சிறுவயதில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த தோழி ஒருத்தி இணுவிலில் இருக்கிறாள். காங்கேசன்துறை வீதியில் கொக்குவிலைத் தாண்டினால் இணுவில். செம்மண் தோட்டமும் கிணற்றடியும் தவில் சத்தமுமாக வாழும் ஊர்.

தோழியின் குடும்பம் பரம்பரைச் சைவம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. தேநீரைக் கையில் தந்துவிட்டு அவள் சொன்ன முதல் செய்தியே என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்குத் தெரியுமே? நோர்வேயில இருக்கிற என்ர மகள் இப்ப வேட்டைக்குப் போறாளாம். துவக்கு வாங்கி வச்சிருக்கிறாள். நீயே கேள் அவளிட்ட!"

மகளும் விடுமுறைக்கு வந்திருந்தாள். நோர்வேயில் தாதியாக வேலை செய்பவள். தாயின் முறைப்பாட்டைக் கேட்டுச் சிரித்தாள்.

"அன்ரி, அம்மா நினைக்கிற மாதிரி இல்லை. துவக்கை வாங்கினவுடன காட்டுக்குப் போக ஏலாது. அதுக்கு முதல் எவ்வளவு வேலை இருக்கு எண்டு கேளுங்கோ, பிறகு ஏசுங்கோ" என்றாள்.

கேட்டேன். அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சட்டைக்கு அளவெடுப்பது போல

கடையில் வாங்கிய சட்டையை அப்படியே போடுவோமா? தோளில் பிடிக்கிறது, கை நீளம் என்று நாம் மடித்துத் தைப்பதில்லையா? ரைபிளும் அப்படித்தானாம்.

அவள் முதலில் பழகியது ஓர் உயரமான மனிதரின் ரைபிளில். தோளில் வைக்கும் மரக்கட்டை அவள் கைக்கு நீளம். கன்னத்தைக் கட்டையில் பதித்தால் கண், மேலே பொருத்திய ஸ்கோப்புக்கு நேரே வரவில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சுட்டால் ஒவ்வொரு தடவையும் தலை ஒவ்வோர் இடத்தில் இருக்கும். குண்டும் ஒவ்வோர் இடத்துக்குப் போகும்.

ஆகவே தன் ரைபிளின் கட்டையைக் கை அளவுக்குக் குறைத்தாள். கன்னம் பதியும் இடத்தைச் சற்று உயர்த்தினாள். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவே நாலு விரலளவு இடைவெளி விட்டுப் பூட்டினாள். அந்த இடைவெளி குறைந்தால், சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடுமாம். திருகாணிகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் முக்கியம். ஒரு திருகாணி தளர்ந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

தராசின் முள்

அடுத்த வேலைதான் பெரிய வேலை. அதை 'ஸீரோ பண்ணுறது' என்றாள். எனக்குப் புரியவில்லை.

"தராசு பாத்திருக்கிறீங்கள்தானே அன்ரி? தட்டில ஒண்டும் இல்லாத நேரம் முள்ளு நடுவில நிக்க வேணும். நிக்காட்டி எதை நிறுத்தாலும் பிழை. இதுவும் அதுதான்."

விஷயம் இதுதான். ஸ்கோப் குழலுக்கு நாலைந்து சென்ரிமீற்றர் மேலே இருக்கிறது. கண் பார்க்கும் கோடு வேறு, குண்டு போகும் பாதை வேறு. போதாததற்கு, குழலை விட்டு வெளியேறிய கணமே குண்டு பூமியின் ஈர்ப்பினால் கீழே இறங்கத் தொடங்குகிறது. அதனால் கண் வைத்த இடமும் குண்டு விழும் இடமும் தாமாக ஒன்றாகிவிடுவதில்லை. ஒரு குறித்த தூரத்தில் இரண்டையும் ஒன்றாக்குவதே 'ஸீரோ'.

எப்படிச் செய்கிறார்கள்? சுடுதளத்தில் மணல் மூட்டையின் மேல் ரைபிளின் முன்கட்டையை வைக்கிறார்கள். குழல் மூட்டையில் படக்கூடாது. முதலில் 25 மீற்றரில் ஓர் அட்டையை வைத்து, குண்டு அட்டையிலாவது படுகிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு 100 மீற்றருக்குப் போகிறார்கள். அங்கே ஒரே புள்ளியைப் பார்த்து மூன்று குண்டுகள்.

"முதல் குண்டு பிழைச்சா உடன ஸ்கோப்பைத் திருப்பினீர்களா?" என்று கேட்டேன்.

"அதுதான் எல்லாரும் விடுற பிழை. ஒரு குண்டை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. மூண்டும் ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு விழுந்தாத்தான் கணக்குப் பாக்கலாம். மூண்டும் மூண்டு பக்கம் போனா பிழை ஸ்கோப்பில இல்லை, என்னில."

மூன்று துளைகளும் நெருக்கமாக விழுந்து, ஆனால் புள்ளிக்கு 7 சென்ரிமீற்றர் வலப்பக்கமும் 4 சென்ரிமீற்றர் கீழேயும் இருந்தால் பயமில்லை. ஸ்கோப்பின் குமிழைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அவளுடைய ஸ்கோப்பில் ஒரு 'டிக்' 100 மீற்றரில் குண்டை ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தும். ஏழு 'டிக்' இடப்பக்கம், நாலு 'டிக்' மேலே. மறுபடியும் மூன்று குண்டு. இதற்கிடையில் குழல் சூடேறிவிடும். ஆறவிட வேண்டும். காட்டில் சுடும் முதல் குண்டு ஆறிய குழலிலிருந்துதானே புறப்படும்! தோட்டாவின் வகையை மாற்றினால் இத்தனையும் மறுபடி முதலிலிருந்து. பயணத்தில் ரைபிள் எங்காவது இடிபட்டால் அப்போதும் அப்படியே.

கண்ணை மூடிய கை

சகோதரிகளே, இங்கேதான் அவள் குரல் தாழ்ந்தது.

ரைபிள் சரி, ஸ்கோப் சரி. ஆனால் அவள் சுட்ட குண்டுகள் மட்டும் சிதறிக்கொண்டே இருந்தன. பயிற்சி கொடுத்தவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் தோட்டாக்களின் நடுவே வெறும் தோட்டா ஒன்றைக் கலந்து வைத்தார். அவள் விசையை அழுத்தினாள். சத்தம் வரவில்லை, குண்டு போகவில்லை. ஆனால் அவளுடைய தோள் துள்ளியது, கண்கள் இறுக மூடிக்கொண்டன, குழல் கீழே சரிந்தது.

வெடிக்காத வெடிக்கு உடம்பு பயந்திருக்கிறது!

"அப்பதான் எனக்கு விளங்கினது அன்ரி. எனக்குப் பத்து வயசில, 95ஆம் ஆண்டு, இந்த வீட்டை விட்டு நடந்தனாங்கள். அண்டைக்குக் கேட்ட சத்தம் இன்னும் என்ர தோளுக்குள்ள இருக்கு."

தோழி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். 1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி மழையில் நடந்த நாள். எங்களுக்கும் ஒக்டோபர் 30, அவர்களுக்கும் ஒக்டோபர் 30. ஐந்து வருட இடைவெளி. இத்தனை காலப் பழக்கத்தில் இந்தத் தேதியை நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

அந்தத் துள்ளலைப் போக்க அவள் பல மாதம் வெற்று ரைபிளோடு பழகினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்தி, சத்தத்தை எதிர்பாராமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்.

ஐந்து குண்டு, ஒரு வட்டம்

நோர்வேயில் வேட்டைக்காரர் ஆக முதலில் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். ரைபிள் வாங்கப் பொலிஸ் அனுமதி வேண்டும். வீட்டில் அங்கீகரிக்கப்பட்ட இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். குதிரையளவு வளரும் எல்க் மானையோ கலைமானையோ வேட்டையாட விரும்பினால் ஒவ்வொரு வருடமும் ஒரு சுடும் பரீட்சை உண்டு. முதலில் 30 குண்டுகள் பயிற்சி. பிறகு 100 மீற்றரில் ஐந்து குண்டுகள். ஐந்தும் 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் விழ வேண்டும். நம் வீட்டுச் சோற்றுத் தட்டை விடச் சற்றுப் பெரிய வட்டம், அவ்வளவுதான். நான்கு விழுந்து ஒன்று தப்பினாலும் தோல்வி. போன வருடம் தேறியது இந்த வருடம் செல்லாது.

ஏன் இந்தக் கெடுபிடி? அந்த வட்டத்துக்குள் விழுந்தால் மானின் இதயத்திலோ நுரையீரலிலோ பட்டு அது விரைவில் உயிர் விடும். தப்பினால் வயிற்றிலோ காலிலோ காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நாட்கணக்கில் துடித்துச் சாகும். அப்படி ஓடினால் தேடிப்போய் அதன் துன்பத்தை முடிப்பதும் வேட்டைக்காரரின் சட்டக் கடமை.

"ஒரு மானின்ர உயிருக்கு இவ்வளவு கணக்கா!" என்றாள் தோழி. என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இருவர் நினைவிலும் ஓடியது ஒன்றே. எங்கள் வாசல்களுக்கு வந்த துப்பாக்கிகளுக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? அந்த மீசை முளைக்காத பையனிடம் யார் கணக்குக் கேட்டார்கள்?

நம் மார்க்கத்தில்

இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல, சகோதரிகளே! வேட்டையை இஸ்லாம் அனுமதிக்கிறது. அல்மாயிதா அத்தியாயத்தில் அதன் ஒழுங்குகள் உள்ளன. ஆனால் உயிருள்ள ஒன்றை வெறும் இலக்காக வைத்து எய்வது சாபத்துக்குரிய செயல். குரைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டி வைத்து அதன்மேல் அம்பெய்து விளையாடியதை இப்னு உமர் (ரலி) கண்டார்கள். அவர்கள் வருவதைக் கண்டதும் இளைஞர்கள் சிதறி ஓடினார்கள். இப்படிச் செய்பவரை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) எடுத்துரைத்தார்கள். அறுக்கும்போது கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிராணிக்கு வேதனை தராதீர்கள் என்பதும் நபிமொழிதானே? கத்தியைத் தீட்டுவதும் குறியைச் சரிசெய்வதும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

துப்பாக்கியால் சுடப்பட்டு, அறுக்கும் முன்பே இறந்த பிராணியை உண்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

உங்கள் மகள் கேட்டால்?

சுடும் கலை வேட்டையோடு முடிவதில்லை. காகித இலக்கை மட்டும் சுடும் விளையாட்டும் உண்டு. 1994இல் கனடாவின் விக்டோரியா நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் காற்று ரைபிள் இரட்டையர் பிரிவில் இலங்கைக்குத் தங்கம் வாங்கித் தந்தவர்கள் இரு பெண்கள்: புஷ்பமாலி ராமநாயக்க, மாலினி விக்கிரமசிங்க. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஈரானின் கொடியை ஏந்தி வந்த லிடா ஃபரிமான் ரைபிள் வீராங்கனை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். ஓடவும் குதிக்கவும் வேண்டாத, கையும் மூச்சும் மனமும் அமைதியாக இருக்க வேண்டிய விளையாட்டு இது.

நாளை உங்கள் மகள் வந்து "உம்மா, நான் பழகட்டுமா?" என்று கேட்டால் உடனே வாயை அடைக்காதீர்கள். எங்கே பழகுகிறாள், யார் மேற்பார்வை, சட்டப்படியான அனுமதி உண்டா, ஆயுதம் எங்கே பூட்டப்படுகிறது, காதுக்குப் பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பிறகு முடிவெடுங்கள். வேண்டாம் என்பதும் உங்கள் உரிமையே.

புறப்படும்போது தோழி படலை வரை வந்தாள். "இனி அவளை ஏசமாட்டன். ஆனா இறைச்சியைப் பற்றி மட்டும் என்னிட்டக் கதைக்க வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். மூவரும் சிரித்தோம்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தராசு முள்ளே மனத்தில் நின்றது. ஒரு தடவை தவறிய பிள்ளையை, ஒரு சொல்லில் பிசகிய மருமகளை, ஒரே குண்டை வைத்து நாம் எத்தனை முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம்! குறி தவறியது அவர்களிலா, நம் ஸ்கோப்பிலா என்று ஒருநாளாவது பார்த்திருக்கிறோமா?

இன்று இரவு பிள்ளைகள் உறங்கிய பின் நீங்களும் ஒரு தடவை பாருங்கள், சகோதரிகளே. வெறுந்தட்டில் உங்கள் முள் எங்கே நிற்கிறது?