பாவிக்காத பிறேக்கும் கறள் பிடிக்கும்

போன எபிசோடில் மின்சாரக் கார்களைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தோம். அதில் ஒரு இடத்தில் நான், "இந்தக் கார்களுக்கு சேர்விஸ் எண்டு பெரிசா ஒண்டும் இல்லை, ரயருக்குக் காத்து அடிச்சால் காணும்" என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் தயவுசெய்து அதை மறந்துவிடுங்கோ. அது பிழை. ஒலிப்பதிவு முடிந்து இரண்டாவது கிழமை என்னுடைய காரே அதைக் காட்டித் தந்தது.

நான் இருப்பது ஷோனெஃபெல்டில். ஒப்பந்த ஐடி வேலை. கிழமையில் நாலு நாள் வீட்டு மேசையில்தான். கார் வெளியே போவது கடைக்கும், சனிக்கிழமைகளில் அம்மா அப்பாவைப் பார்க்கவும். மின்சாரக் கார், வாங்கி மூன்று வருடம். எந்தக் கம்பனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, ஏனென்றால் பிழை என்னுடையது.

மூன்று வருடம் என்றால் முதல் 'டூஃப்' வரும். ஜேர்மனியில் புதுக் காருக்கு மூன்று வருடத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை. மின்சாரக் காருக்குப் புகைச் சோதனை கிடையாது. அதனால் இருபது நிமிடத்தில் முடியும், கோப்பி குடித்துவிட்டு ஸ்டிக்கரோடு வரலாம் என்றுதான் போனேன்.

பரிசோதகர் காரை உருளையில் ஏற்றி பிறேக்கை மிதித்தார். முன் சில்லுகள் சரி. பின்னால் இடது பக்கம் பிடித்த அளவுக்கு வலது பக்கம் பிடிக்கவில்லை. ரோர்ச் லைட்டை அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டிஸ்க்கில் விரல் அகலத்துக்கு ஒரு வளையம் மட்டும் மினுங்கியது. மிச்சம் எல்லாம் மண்ணிறம், சொரசொரப்பு. கறள்.

"நீங்கள் பிறேக்கே மிதிக்கிறதில்லையோ?" என்று கேட்டார். நக்கலாக இல்லை, உண்மையாகவே கேட்டார். நானும் கொஞ்சம் பெருமையோடு, "இல்லை, ஒரு பெடலிலேயே ஓடுவன்" என்றேன். ஸ்டிக்கர் கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் திருத்தித் திரும்பக் கொண்டுவரச் சொன்னார்கள்.

என்ன நடந்தது என்பது மிகவும் எளிமையானது. மின்சாரக் காரில் காலை எடுத்தவுடன் மோட்டரே ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்து, அந்தச் சக்தியைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. நகர ஓட்டத்தில் டிஸ்க்கும் பாட்டும் உரசும் தேவை அனேகமாக வருவதில்லை. ஆனால் டிஸ்க் வார்ப்பிரும்பு. பெற்றோல் காரில் ஒவ்வொரு சிக்னலிலும் பிறேக் உரசி அந்த இரும்பைத் துடைத்துவிடும். மின்சாரக் காரில் அதைத் துடைக்க யாரும் இல்லை. மழை, பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு, அதோடு மூன்று நாள் அசையாமல் நிற்கும் கார். இவ்வளவும் போதும்.

எங்கட துறையில் இருப்பவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. பேக்கப் ஒவ்வொரு இரவும் ஓடும், ஒருவரும் ஒருநாளும் அதிலிருந்து எதையும் மீட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். சேர்வர் விழுந்த அன்றுதான் அந்தக் கோப்பு வெறுமை என்று தெரியவரும். உரசும் பிறேக் மின்சாரக் காரின் பேக்கப். அதை நான் மூன்று வருடம் சோதிக்கவே இல்லை.

ஷோனெஃபெல்டில் இருந்துகொண்டு இதை மறந்தது இன்னும் வெட்கம். இங்கே உள்ள பேர்லின் விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறப்பதாக இருந்தது. அதற்கு நாலு கிழமைகூட இல்லாத நேரத்தில் தீப் பாதுகாப்பு சரியில்லை என்று நிறுத்தினார்கள். கடைசியில் திறந்தது 2020 ஒக்ரோபர் 31. நடுவில் இருந்த எட்டு வருடமும் அந்தக் கட்டடம் சும்மா நிற்கவில்லை, தேய்ந்துகொண்டே இருந்தது. ஒரு பயணியும் பார்க்காத 750 தகவல் திரைகள் ஓடி ஓடியே ஆயுள் முடிந்து, 2018இல் மாற்ற வேண்டி வந்தது. நிலத்துக்குக் கீழே உள்ள ரயில் நிலையத்தில் காற்றோட்டம் வேண்டும் என்பதற்காக ஆள் இல்லாத ரயில்களை ஓட விட்டார்கள். பாவிக்காத பொருள் புதுசாகவே இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு எங்கட ஊரே ஒரு பாடம்.

இப்போது எண்களைப் பார்ப்போம், இரண்டு பக்கமும். ஏடிஏசியின் 2024ஆம் ஆண்டுப் பழுதுக் கணக்கில், 2020 முதல் 2022 வரை பதிவான கார்களில் ஆயிரம் மின்சாரக் கார்களுக்கு 4.2 தடவை வீதியில் உதவி கேட்கப்பட்டது. பெற்றோல், டீசல் கார்களுக்கு அது 10.4. ஆகவே மின்சாரக் கார் வழியில் நிற்பது குறைவு. அதே நேரம் இரண்டு வகையிலும் அதிகம் பழுதாவது ஒரே சாமான்தான்: 12 வோல்ட் சின்னப் பற்றரி. கிட்டத்தட்டப் பாதி அழைப்புக்கு அதுவே காரணம்.

டூஃப் அறிக்கை வேறு கதை சொல்கிறது. இரண்டு, மூன்று வயதுக் கார்களில் கடைசி இடம் 2024 அறிக்கையில் டெஸ்லா மொடல் 3க்கு, 14.7 சதவீதம் தோல்வி. 2025 அறிக்கையிலும் அதே கார், 14.2. 2026 அறிக்கையில் மொடல் வை, 17.3. அதே அறிக்கையில் முதல் இடம் வந்த மஸ்டா 2க்கு 2.9தான். பிறேக் டிஸ்க், சில்லுகளைத் தாங்கும் அச்சுப் பாகங்கள், விளக்கு ஆகியவையே டெஸ்லாவின் முக்கிய குறைகள். மொடல் வை காரைக் கட்டும் தொழிற்சாலை எங்களுக்குப் பக்கத்தில், குரூன்ஹைடேயில், 2022 மார்ச் 22 அன்று திறந்தது.

இதை வைத்து "மின்சாரக் கார் எல்லாம் குப்பை" என்று சொல்லலாமா? முடியாது. அதே 2026 அறிக்கையில் மின்சார மினி கூப்பர் எஸ்இ 3.5 சதவீதத்தோடு முன்னுக்கு நிற்கிறது. வித்தியாசத்தில் ஒரு பங்கு, யாராவது காருக்குக் கீழே பார்க்கிறார்களா என்பதில் இருக்கிறது. டெஸ்லா கட்டாய வருட சேர்விஸ் வைப்பதில்லை. ஆனால் அவர்களுடைய கையேட்டிலேயே, வீதிக்கு உப்புப் போடும் நாடுகளில் வருடத்துக்கு ஒருமுறை அல்லது 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பிறேக் கலிப்பரைத் துப்புரவாக்கி எண்ணெய் பூசச் சொல்லியிருக்கிறது. கையேட்டை வாசிப்பவர் யார்? நானும் என்னுடைய கார்க் கையேட்டை அன்றைக்குத்தான் முதல்முறை திறந்தேன். ஃபோல்க்ஸ்வாகன் வேறு வழி எடுத்தது. ஐடி.3இன் பின் சில்லுகளுக்குப் பழைய மாதிரி மூடிய டிரம் பிறேக்கைப் போட்டார்கள். அதற்குள் தண்ணியும் உப்பும் இலகுவாகப் போகாது.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான். வழியில் நின்றுபோகும் பழுது தன்னைத் தானே சொல்லிவிடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காத பழுது அந்த நாள் வரைக்கும் வாய் திறக்காது. போன பனிக்காலம் முழுக்க அம்மாவையும் அப்பாவையும் பின்னுக்கு ஏற்றிக்கொண்டு ஏ113இல் 120இல் ஓடினேன். அந்த டிஸ்க்கோடுதான். ஒன்றும் நடக்கவில்லை. அதை நினைக்கத்தான் இப்ப வயிற்றைக் கலக்குது.

டூஃப் பிறந்ததும் இப்படி ஒரு பயத்தில்தான். 1865இல் மான்ஹைம் நகரத்து பியர் ஆலை ஒன்றில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த வருடமே கொதிகலன் வைத்திருந்தவர்கள் சேர்ந்து, தங்கள் கொதிகலனை வெளி ஆள் ஒருவர் வந்து பார்க்க ஒரு சங்கம் அமைத்தார்கள். சொந்தக்காரரின் கண்ணுக்குச் சொந்தப் பொருளின் குறை தெரியாது என்பதை அவர்கள் அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள்.

திருத்திய கதை சுருக்கமாக. இரண்டு கராஜில் கோஸ்டன்ஃபொரான்ஷ்லாக் எழுத்தில் கேட்டேன். பின் டிஸ்க்கும் பாட்டும் மாற்ற, ஒன்றுக்கும் மற்றதுக்கும் 300 யூரோ வித்தியாசம். மலிவான இடத்தில் செய்தேன். "வெளிக் கராஜில் செய்தால் கரண்டி போயிடும்" என்று பயப்பட வேண்டாம். கம்பனி சொன்ன முறைப்படி சேர்விஸ் செய்தால், வெளிக் கராஜ் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை மறுக்க ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இடம் கொடுப்பதில்லை. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கோ.

இனி நான் செய்யப்போவது. கிழமைக்கு ஒருமுறை, பின்னால் ஒருவரும் வராத வீதியில், நாலைந்து தரம் பிறேக்கை அழுத்தி மிதிப்பது. பல கார்களில் கியரை 'என்'இல் போட்டால் மோட்டர் குறுக்கே வராது, டிஸ்க் மட்டும் உரசும். உங்கட காரில் எப்படி என்று முதலில் கையேட்டைப் பாருங்கோ. காரைக் கழுவி உடனே நிறுத்தாமல், ஒருதரம் ஓடிப் பிறேக் பிடித்துக் காயவிட்டு நிறுத்துவது. பிறேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதைப் பெரும்பாலும் இரண்டு வருடத்தில் மாற்றச் சொல்வார்கள். பனிக்காலம் தொடங்க முதல் 12 வோல்ட் பற்றரியைச் சோதிப்பிப்பது.

அப்பாவிடம் சொன்னேன். தொண்ணூறுகளில் அவர் வைத்திருந்த பழைய டீசல் காரின் பொனற்றை ஒவ்வொரு சனியும் திறந்து ஒயில் பார்ப்பார். டாஷ்போர்டுக்குள் ஒரு கொப்பி, அதில் திகதி, கிலோமீட்டர், மாற்றிய சாமான். நாங்கள் சிரிப்போம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "மூண்டு வருசத்தில ஒருநாளாவது சில்லுக்குள்ள எட்டிப் பாத்தனியே?" என்று மட்டும் கேட்டார்.

இப்ப என்னிடமும் ஒரு கொப்பி இருக்கு. ஆப் ஒன்று எழுதலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு பேனையை எடுத்தேன்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அடுத்த முறை அம்மா அப்பா வீட்டுக்குப் போனால், சாப்பிட உட்கார முதல் அவர்களுடைய காரின் பின் இலக்கத் தகட்டைப் பாருங்கோ. வட்ட ஸ்டிக்கரின் நடுவில் வருடம், மேல் பக்கம் நிற்கும் இலக்கம் மாதம். அப்படியே குனிந்து சில்லுக்குள்ளும் ஒருதரம் பாருங்கோ. மினுங்கினால் நல்லது. மண்ணிறமாக இருந்தால், அடுத்த எபிசோடுக்கு முதல் ஒரு கராஜுக்கு ரெலிபோன் எடுங்கோ.

சந்திப்பம்.