வட்டி கூடுதல், பெயர் இன்சூரன்ஸ்: டிரினிடாட்டில் ‘க்ளிகோ’ விழுந்த கதை

மளிகை வியாபாரிக்கு ஒரு நிலைமை நன்றாகத் தெரியும். கிடங்கில் சரக்கு நிறைந்திருக்கும். பேரேட்டில் வரவேண்டிய பாக்கியும் நிறைய இருக்கும். ஆனால் வசூலுக்கு வந்து நிற்கும் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கக் கல்லாவில் ரொக்கம் இருக்காது. ஐந்தொகைப்படி பார்த்தால் அவர் பணக்காரர்தான்! 2009ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் தேதி, கரீபியன் தீவுகளிலேயே மிகப் பெரிய நிதிக் குழுமங்களுள் ஒன்றின் தலைவர், டிரினிடாட் டொபாகோ நாட்டின் மத்திய வங்கி கவர்னருக்கு எழுதிய கடிதத்தின் சாரமும் இதுதான். சொத்து இருக்கிறது, ரொக்கம் இல்லை, அவசரமாக உதவுங்கள் என்பதே கோரிக்கை.

குழுமத்தின் பெயர் சி.எல். ஃபைனான்ஷியல். தலைவர் லாரன்ஸ் டுப்ரே. இவருடைய பெரிய தகப்பனார் முறையிலான சிரில் டுப்ரே 1936இல் தொடங்கிய காலனியல் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிதான் இதன் வேர். சுருக்கமாக ‘க்ளிகோ’. வெளிநாட்டு நிறுவனங்கள் கோலோச்சிய தொழிலில் உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டிய கம்பெனி என்பதால் மக்களுக்கு அதன்மேல் தனிப் பாசம் உண்டு. லாரன்ஸ் பொறுப்பேற்ற பிறகு குழுமம் நாலா பக்கமும் விரிந்தது. எரிவாயுவிலிருந்து மெத்தனால் எடுக்கும் ஆலைகள், அங்கோஸ்டுரா என்ற ரம் கம்பெனி, ஃபுளோரிடாவில் நிலங்கள், ரிபப்ளிக் வங்கியின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் என எல்லாம் ஒரே குடையின் கீழ் வந்தன. 2008இல் ஜமைக்காவின் புகழ்பெற்ற ஆப்பிள்டன் ரம் தயாரிப்பாளரையும் வாங்கினார்கள். குழுமத்தின் சொத்து 10,000 கோடி டிரினிடாட் டாலர் என்று சொல்லப்பட்டது. அப்போது ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 6.3 டிரினிடாட் டாலர்.

இத்தனையும் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் வணிகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

க்ளிகோ ஒரு திட்டத்தை விற்றது. ‘எக்ஸிகியூட்டிவ் ஃப்ளெக்ஸிபிள் பிரீமியம் ஆனுவிட்டி’ என்று நீண்ட பெயர். ஆனுவிட்டி என்றால் ஓய்வுக்காலத்தில் மாதாமாதம் வரும் தொகை என்றுதான் பொருள். ஆனால் இதை வாங்கியவர்கள் அப்படி நினைத்து வாங்கவில்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கட்டுவது, சில ஆண்டுகள் கழித்து வட்டியோடு எடுப்பது, அல்லது புதுப்பிப்பது. வங்கியின் ஃபிக்சட் டெபாசிட்டுக்கும் இதற்கும் வாடிக்கையாளர் கண்ட வேறுபாடு ஒன்றே ஒன்று. இதில் வட்டி கூடுதல்.

சட்டத்தின் கண்ணில் வேறுபாடு மிகப் பெரியது. வங்கி டெபாசிட்டுக்கு அந்நாட்டில் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. வங்கி முழுகினால் ஒரு வரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கும். பாலிசிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கி தன் முதலாளியின் பிற தொழில்களுக்குக் கடன் கொடுப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியோ 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கியது. பாலிசிதாரருக்குத் தர வேண்டிய தொகைக்கு ஈடான சொத்தைத் தனி நிதியாக ஒதுக்கி வைக்க வேண்டும் என்று அச்சட்டமும் சொன்னது. க்ளிகோவில் அந்த நிதி ஆண்டுக்கணக்கில் பற்றாக்குறையாகவே இருந்தது. இன்சூரன்ஸ் கண்காணிப்பு 2004இல்தான் மத்திய வங்கியின் கைக்கு வந்தது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் சட்டத்தில் போதவில்லை என்பது கவர்னர் ஈவர்ட் வில்லியம்ஸின் வாதம். பூட்டு இருந்தது, சாவி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாவியை இன்னும் முன்பே கேட்டு வாங்கியிருக்கலாமே என்று அந்நாட்டு மக்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு.

2008 இறுதியில் உலகச் சந்தை சரிந்தது. மெத்தனால் விலை விழுந்தது. ஃபுளோரிடா நிலத்தை வாங்க ஆளில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு வந்தவர்களுக்கோ உடனே ரொக்கம் தர வேண்டும். ஓராண்டு, ஈராண்டுக் கெடுவில் வாங்கிய பணத்தை ஆலையிலும் நிலத்திலும் போட்டால், ஆலையின் ஒரு சுவரைப் பெயர்த்து விற்றா கொடுக்க முடியும்?

ஜனவரி 30ஆம் தேதி அரசு தலையிட்டது. அன்று கவர்னர் மூன்று காரணங்களைச் சொன்னார்: குழுமத்துக்குள்ளேயே மிகையான கொடுக்கல் வாங்கல், அதிக வட்டிக்கு வாங்கிய பணத்தை எளிதில் விற்க முடியாத, ஆபத்தான முதலீடுகளில் போட்டது, சொத்துகளின்மேல் அளவுக்கு மீறிய கடன். கடை வழக்கில் சொன்னால், ஒரு பையில் எடுத்து மறு பையில் போட்டு இரண்டு பையிலும் பணம் இருப்பதாகக் கணக்கு எழுதுவது.

அது டிரினிடாட்டோடு நிற்கவில்லை. கயானாவில் இருந்த க்ளிகோ கிளை நிறுவனம் தன் சொத்தில் பாதிக்கு மேல் பஹாமாஸ் க்ளிகோவிடம் கொடுத்து வைத்திருந்தது. பஹாமாஸ் க்ளிகோவின் பணமோ ஃபுளோரிடா நிலத்தில் முடங்கிக் கிடந்தது. 2009 பிப்ரவரியில் பஹாமாஸ் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டதும், கயானாவும் ஆடிப்போனது. அங்கே உழைப்பாளிகளின் சமூகப் பாதுகாப்பு நிதியே க்ளிகோவில் முதலீடு செய்திருந்தது. கிரெனடா, செயின்ட் லூசியா போன்ற சிறு தீவுகளில் இதே குழுமத்தின் பிரிட்டிஷ் அமெரிக்கன் இன்சூரன்ஸ் முழுகியது. இவ்விரண்டு கம்பெனிகளிலும் சிக்கிய தொகை அத்தீவுகளின் மொத்த ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 17 சதவீதம் என்று மதிப்பிடப்பட்டது. கடன் சங்கங்களின் பணமும் அதில் உண்டு. டிரினிடாட் அரசாவது எண்ணெய், எரிவாயு வருமானம் உள்ள அரசு. இத்தீவு அரசுகளுக்கு அந்த வசதி ஏது?

டிரினிடாட்டிலும் மீட்பு சுலபமாக நடக்கவில்லை. 2010 செப்டம்பர் பட்ஜெட்டில் புதிய நிதியமைச்சர் வின்ஸ்டன் டூக்கரன் ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். முதலில் 75,000 டாலர் வரை கையில். மீதி 20 ஆண்டுத் தவணையில், வட்டியில்லாமல். கேட்பதற்கு முழு அசலும் வருவது போலிருக்கும். நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 4,75,000 டாலர் போட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். 75,000 உடனே வந்துவிடும். மீதி 4 லட்சம் ஆண்டுக்கு 20,000 வீதம் வரும். ஆண்டு வட்டி 6 சதவீதம் என்று கொண்டால், அந்த 4 லட்சத்தின் அன்றைய மதிப்பு சுமார் 2,29,000தான். அறுபது வயதுக்காரர் கடைசித் தவணையை எண்பதில் வாங்க வேண்டும். எதிர்ப்பும் வழக்குகளும் கிளம்பியதில் வியப்பில்லை.

பிறகு அரசு இறங்கி வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கான பத்திரங்களை வங்கியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளலாம். பிந்திய 10 ஆண்டுப் பத்திரங்களைக் கொடுத்துவிட்டு ‘க்ளிகோ இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட்’ என்ற நிதியின் யூனிட்டுகளைப் பெறலாம். அந்த நிதிக்குள் பெரும்பாலும் இருந்தவை ரிபப்ளிக் வங்கியின் பங்குகள்.

அதே குழுமத்தின் கையில் இருந்த வங்கிதான் அது! 1837இல் காலனியல் பேங்க் என்ற பெயரில் தொடங்கிய பழைய வங்கி. முதலாளி முழுகியபோதும் அது முழுகவில்லை. காரணம், அது வேறு சட்டத்தின் கீழ், வேறு கணக்கில் இருந்தது. இன்சூரன்ஸ் பக்கம் போன பணத்தை ஓரளவு ஈடுகட்டியதும் அதன் பங்குகளே.

அரசு செலவிட்ட தொகை 2,000 கோடி டிரினிடாட் டாலருக்கு மேல். அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம். தலைக்கு 15,000 டாலருக்கு மேல் ஆகிறது. க்ளிகோவில் ஒரு காசு போடாதவர் தலையிலும் அதே 15,000. 2017இல் சி.எல். ஃபைனான்ஷியலைக் கலைக்க அரசே நீதிமன்றம் சென்றது. மெத்தனால் பங்குகள் 2014இல் விற்கப்பட்டன. ஆப்பிள்டன் ரம் அதற்கு முன்பே இத்தாலியின் கம்பாரி கம்பெனிக்குப் போய்விட்டது. புதிய இன்சூரன்ஸ் சட்டம் 2018இல் நிறைவேறி 2021 ஜனவரி முதல் தேதியில்தான் அமலுக்கு வந்தது. க்ளிகோ விழுந்து ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழித்து.

ரிபப்ளிக் வங்கி இன்னும் வளர்ந்தது. 2019இல் கனடாவின் ஸ்கோஷியாபேங்க் கிரெனடா, செயின்ட் லூசியா, டொமினிக்கா முதலிய தீவுகளை விட்டு வெளியேறியபோது, அங்கிருந்த கிளைகளை வாங்கியது இந்த வங்கிதான்.